ஒரு புதன்கிழமையின் கணக்கு: ஒன்ராறியோவில் முதியோர் சங்கத்துக்குச் சிறு மானியம் கேட்பது எப்படி

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ஸ்காபரோ, மார்க்கம், பிரம்ரன் பக்கம் இயங்கும் தமிழ் முதியோர் சங்கங்கள் பல, அங்கத்துவப் பணத்திலும், யாராவது வீட்டு விசேஷத்துக்குக் கொண்டுவரும் வடை கேசரியிலும்தான் காலம் தள்ளுகின்றன. மண்டப வாடகை ஏறினால் வாராந்த ஒன்றுகூடல் மாதாந்த ஒன்றுகூடலாகிவிடும். இப்படிப்பட்ட சங்கங்கள் கேட்கவென்றே அரசாங்கத்தில் சிறு மானியங்கள் இருக்கின்றன. ஆனால் கேட்பவர்களில் பலர் படிவத்தைத் திறந்ததும் முதற்கேள்வியிலிருந்து எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். அங்கேதான் பிழைக்கிறது. படிவத்தை மூடிவைத்துவிட்டு, ஒரேயொரு புதன்கிழமைப் பின்னேரத்தை எடுத்து, கதவு திறப்பது முதல் கதிரை அடுக்குவது வரை முழுதாகக் கணக்குப் போடுங்கள். படிவத்தின் பாதிக் கேள்விகளுக்கு விடை அந்தக் கணக்கிலேயே கிடக்கும்.

எங்கே கேட்பது

பெரிய வாசல் இரண்டு. ஒன்று மத்திய அரசின் நியூ ஹொரைசன்ஸ் ஃபோர் சீனியர்ஸ் திட்டம். இதில் சமூக மட்டத் திட்டம் ஒன்றுக்கு 25,000 டொலர் வரை கேட்கலாம். மற்றது ஒன்ராறியோ மாகாணத்தின் சீனியர்ஸ் கொம்யூனிற்றி கிராண்ட். அது 1,000 டொலரிலிருந்து 25,000 டொலர் வரை. இரண்டுக்கும் விண்ணப்பம் எப்போதும் திறந்திருப்பதில்லை. அழைப்பு வந்த பிறகு சில வாரங்கள்தான். ஒவ்வோர் அழைப்புக்கும் புதிய வழிகாட்டி வெளியாகும், முன்னுரிமைகளும் மாறும். போன வருடத்து விண்ணப்பத்தைத் தூசிதட்டி அனுப்புவது பலிக்காததற்கு இதுவே காரணம்.

மத்திய அரசின் திட்டத்தில் ஒரு நிபந்தனையை அடிக்கோடிட்டு வாசிக்க வேண்டும்: திட்டத்தை முதியவர்கள் நடத்த வேண்டும், இல்லாவிட்டால் அவர்களின் யோசனையிலிருந்தாவது அது பிறந்திருக்க வேண்டும். முதியவர்களுக்காக இளையவர்கள் நடத்தும் நல்ல நிகழ்ச்சி என்றால் போதாது. யோசனை எந்தக் கூட்டத்தில் வந்தது, யார் முன்மொழிந்தார், எத்தனை பேர் கைதூக்கினார்கள் என்பது கூட்ட அறிக்கையில் இருக்கட்டும். கூட்ட அறிக்கை தமிழில் இருந்தால் குறையில்லை. விண்ணப்பம் ஆங்கிலத்தில் அல்லது பிரெஞ்சில் போகவேண்டும் என்பதால், அந்த நாலு வரியை மட்டும் மொழிபெயர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு கேட்பது? 25,000 என்ற எண் கண்ணைப் பறிக்கும். வருடம் முழுவதும் 4,000 டொலர் புரளாத சங்கம் 25,000 கேட்டால், இவர்களால் இதைச் செலவழித்துக் கணக்குக் காட்ட முடியுமா என்றுதான் வாசிப்பவர் யோசிப்பார். முதல் தடவை 8,000 - 10,000 டொலர் அளவில் கேட்டு, ஒழுங்காக முடித்து, அறிக்கை கொடுத்துவிட்டுப் பிறகு பெரிதாகக் கேட்பது புத்தி.

அழைப்பு வரும் முன்னரே முடிக்க வேண்டியவை

சங்கம் இலாப நோக்கற்ற நிறுவனமாகப் பதிவாகியிருந்தால் பாதி வேலை முடிந்தது. அறக்கட்டளைப் பதிவு வேறு, அது கட்டாயமல்ல. இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஒதுங்கிவிடும் சங்கங்கள் உண்டு. 2021 ஒக்ரோபர் 19 முதல் ஒன்ராறியோவில் இலாப நோக்கற்ற நிறுவனங்களுக்கான புதிய சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பழைய சங்கங்கள் யாப்பை அதற்கேற்பத் திருத்த மூன்று ஆண்டு அவகாசம் தரப்பட்டது. அது 2024 ஒக்ரோபரில் முடிந்துவிட்டது. உங்கள் யாப்பு தொண்ணூறுகளில் எழுதியதாக இருந்தால் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நிர்வாகசபையில் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். மாகாணப் பதிவேட்டில் இன்னும் காலமான தலைவரின் பெயரே இருப்பது நாம் நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது. விண்ணப்பத்தில் ஒரு பெயர், பதிவேட்டில் இன்னொரு பெயர் என்றால் கேள்வி வரும்.

வருமானவரித் திணைக்களம் தரும் 9 இலக்க வணிக எண் வேண்டும். வங்கிக் கணக்கு சங்கத்தின் முழுப் பதிவுப் பெயரில், இருவர் கையொப்பமிடும் கணக்காக இருக்க வேண்டும். பொருளாளரின் சொந்தக் கணக்கில் சங்கப் பணம் போய்வந்தால், எவ்வளவு நேர்மையாக நடத்தினாலும் மானியம் கிடைக்காது.

அடுத்தது இணையக் கணக்கு. மத்திய அரசின் மானிய இணையத்தளத்திலும் மாகாணத்தின் ட்ரான்ஸ்ஃபர் பேமன்ற் ஒன்ராறியோ தளத்திலும் சங்கத்தை முன்கூட்டியே பதிந்துவையுங்கள். விபரங்கள் சரிபார்க்கப்பட்ட பிறகுதான் இணையவழி அனுப்ப முடியும். கடைசி வாரத்தில் பதியப்போனால் விண்ணப்பம் எழுதி முடிந்தும் அனுப்ப முடியாமல் நிற்பீர்கள். இன்னொன்று: கடவுச்சொல் பேரனின் மின்னஞ்சலில் இருக்கக் கூடாது. பேரன் படிக்க வோட்டர்லூவுக்குப் போனால் சங்கத்தின் கணக்கும் கூடப்போகும். சங்கத்துக்கென்று ஒரு மின்னஞ்சல் திறந்து, இரண்டு பேர் கையில் கொடுங்கள்.

பதிவில்லாத சிறு குழுவாக இருந்தால், பதிவுள்ள அமைப்பொன்றின் கீழ் கேட்கலாம். யார் பணத்தை வைத்திருப்பது, நிர்வாகச் செலவென்று எத்தனை வீதம் எடுப்பது, வாங்கும் பொருட்கள் திட்டம் முடிந்ததும் யாருக்குச் சொந்தம் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி இருதரப்பும் கையொப்பமிடுங்கள். தெரிந்தவர்கள்தானே என்று விட்டால், கடைசியில் ஒலிபெருக்கிக்குத்தான் சண்டை வரும்.

அந்தப் புதன்கிழமை

இனிக் கணக்கு. பின்னேரம் 1 மணி முதல் 3.30 வரை ஒன்றுகூடல், 35 பேர் என்று வைப்போம். மண்டபம் இரண்டரை மணிநேரத்துக்குப் போதாது. மேசை போட, தேநீர் வைக்க, பிறகு கூட்ட மேலும் அரை மணி. ஆகவே 3 மணிநேரம். விண்ணப்பங்களில் அடிக்கடி விடுபடுவது இந்த அரை மணிதான். 30 வாரத்தில் அது 15 மணிநேர வாடகை.

ஏன் 30 வாரம்? வருடத்தில் 52 புதன் இருக்கிறதே என்று கேட்கலாம். தை, மாசியில் பனி கொட்டி நடைபாதை உறைந்தால் வரவு பாதியாகும். சில நாள் மண்டபமே பூட்டியிருக்கும். கோடையில் ஊருக்குப் போவோர், பேரப்பிள்ளைகளைப் பார்ப்போர், கோயில் திருவிழா. 52 என்று எழுதி 33 நடத்துவதைவிட 30 என்று எழுதி 32 நடத்துவது ஆயிரம் மடங்கு நல்லது. பனிக்காலத்தில் இரண்டு மூன்று அமர்வைத் தொலைபேசிவழி அல்லது சூம்வழி நடத்துவோம் என்று முன்கூட்டியே எழுதிவிட்டால் பின்னால் அனுமதி கேட்டு அலைய வேண்டியதில்லை.

கீழே உள்ளவை மாதிரி விலைகள். உங்கள் இடத்து விலையைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள், கணக்கின் அமைப்பை மாற்றாதீர்கள்.

மண்டபம்: 3 மணி × 30 வாரம் × 30 டொலர் = 2,700
தேநீர், சிற்றுண்டி: 35 பேர் × 30 வாரம் × 2.50 டொலர் = 2,625
கதிரையில் இருந்து செய்யும் யோகாப் பயிற்றுநர்: 15 அமர்வு × 75 டொலர் = 1,125
போக்குவரத்து: 12 பேர் × 30 வாரம் × 5 டொலர் = 1,800
கரம் பலகை, சதுரங்கம், பெரிய எழுத்துச் சீட்டுக்கட்டு முதலியன = 600
காப்புறுதி = 650
அச்சு, தொலைபேசி = 300
மொத்தம் = 9,800 டொலர்

இதை 35 × 30, அதாவது 1,050 வருகைகளால் பிரித்தால் ஒருவர் ஒருமுறை வந்துபோக 9 டொலர் 33 சதம். இந்த எண்ணை விண்ணப்பத்தில் நீங்களே எழுதுங்கள். வாசிப்பவர் எப்படியும் போட்டுப் பார்க்கப்போகும் கணக்கு அது.

போக்குவரத்து ஏன் 35 பேருக்கும் இல்லை? நடந்தோ பிள்ளைகளின் காரிலோ வருபவர்களுக்கு அது தேவையில்லை. ரொறன்ரோ பேருந்தில் பிரெஸ்ரோ அட்டையைத் தட்டினால் இரண்டு மணிநேரத்துக்குள் மாறி ஏறலாம். இரண்டரை மணி ஒன்றுகூடலுக்கு வந்தால் அந்த நேரம் தாண்டிவிடும். ஆகவே போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு கட்டணம் போடவேண்டும். நடமாடச் சிரமப்படுபவர்களுக்கான வீல்-ட்ரான்ஸ் வாகனத்தில் வருபவர்களின் நேரம் முன்பதிவைப் பொறுத்தது. அவர்களுக்காகவே முதல் இருபது நிமிடத்தைக் கரம், பேச்சு என்று தளர்வாக விடுவது நல்லது. பேச்சாளரை 1 மணிக்கே தொடங்கவிட்டால் பின்னால் வருபவர்கள் வாசலில் நிற்பார்கள்.

காப்புறுதியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ஒன்ராறியோவின் மானிய ஒப்பந்தங்கள் வழமையாகக் குறைந்தது 20 இலட்சம் டொலர் பொதுப் பொறுப்புக் காப்புறுதி கேட்கும். சான்றிதழில் மாகாண அரசின் பெயரையும் கூடுதல் காப்புறுதி பெறுபவராகச் சேர்க்க வேண்டும். முகவர் கேட்பது இவைதான்: எத்தனை அங்கத்தவர், சாப்பாடு சமைப்பீர்களா வாங்குவீர்களா, பேருந்துச் சுற்றுலா உண்டா, மது பரிமாறப்படுமா. அழைப்பு வரும் முன்னரே எழுத்தில் விலை வாங்கிவையுங்கள்.

எம்.ஜி.ஆர். பாட்டுக்குக் கைதட்டிக்கொண்டு ஆடாத சங்கம் எது? ஆனால் பொது நிகழ்வில் பதிவுசெய்த இசையைப் போட உரிமம் வேண்டும். கனடாவில் இசை உரிமைக் கட்டணம் திரட்டும் அமைப்புகளான சோகன், ரீசவுண்ட் இரண்டுக்குமான உரிமத்தை என்ரன்டம் என்ற ஒரே இடத்தில் எடுக்கலாம். மண்டபக்காரர் ஏற்கெனவே எடுத்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் பாதீட்டில் அதற்கும் ஒரு வரி.

விற்பனை வரியில் பலர் இரண்டு பக்கமும் பிழைவிடுகிறார்கள்: ஒருவர் மறந்துவிடுவார், மற்றவர் முழுதாகப் போடுவார். ஒன்ராறியோவில் எச்.எஸ்.ரி. 13 வீதம். 1,000 டொலர்ப் பொருளுக்கு 130 டொலர். சங்கம் பதிவுபெற்ற அறக்கட்டளையாக இருந்தால் மத்திய பங்கான 50 டொலரில் பாதியும், மாகாணப் பங்கான 80 டொலரில் 82 வீதமும் திரும்பக் கிடைக்கும்: 25 + 65.60 = 90.60. ஆக உண்மையான செலவு 1,039 டொலர் 40 சதம், அதைத்தான் பாதீட்டில் காட்டவேண்டும். அறக்கட்டளை அல்லாத இலாப நோக்கற்ற சங்கத்துக்கு, வருமானத்தில் குறைந்தது 40 வீதம் அரச நிதியாக இருந்தால்தான் இந்தத் திரும்பல். இல்லையேல் 1,130 என்றே போடுங்கள். கடையில் வாங்கும் பால், பாண், பழத்துக்கு இந்த வரி இல்லை. கேற்றரிங்கில் எடுக்கும் சாப்பாட்டுக்கு உண்டு.

எதைக் கேட்கக் கூடாது

ஏற்கெனவே வாங்கிய பொருளுக்கும், ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் செய்த செலவுக்கும் பணம் வராது. சங்கத்தின் அன்றாட ஓட்டத்துக்கும் வராது. இதுதான் சங்கங்களுக்கு விளங்கக் கடினமானது. பத்து வருடமாக நடக்கும் ஒன்றுகூடலுக்கு வாடகை தாருங்கள் என்றால் மறுப்பார்கள். அதே ஒன்றுகூடலில் புதிதாக ஒன்றைத் தொடங்கினால் அதற்கான வாடகையைக் கேட்கலாம். முதியவர்கள் வாரம் ஒரு மணிநேரம் சிறுவர்களுக்குத் தமிழ் உறுப்பெழுத்துப் பழக்குவது, தொலைபேசி மோசடியை அடையாளம் காணப் பழக்குவது போன்றவை சிறு செலவில் செய்யக்கூடிய உண்மையான புதுமைகள். மோசடி பற்றியது மத்திய திட்டத்தின் நோக்கங்களில் ஒன்றான முதியோர் துஷ்பிரயோக விழிப்புணர்வுக்கும் பொருந்தும்.

நிர்வாகசபை உறுப்பினருக்கு எந்தப் பெயரிலும் பணம் கொடுக்கும் வரியைப் போடாதீர்கள். மருமகனின் கேற்றரிங் கடை மலிவாகத் தருகிறது என்றால் அது உண்மையாகவே இருக்கலாம். மூன்று கடைகளில் எழுத்தில் விலை வாங்கி, அந்த அங்கத்தவர் வாக்களிக்காமல் எழுந்து வெளியே போனார் என்று கூட்ட அறிக்கையில் எழுதிவிட்டு எடுங்கள்.

கேள்விகளுக்கு எழுதுவது

"முதியோரின் தனிமையைப் போக்குதல்" என்று எல்லா விண்ணப்பத்திலும் இருக்கும். நூற்றுக்கணக்கில் வாசிப்பவருக்கு அது கண்ணிலேயே படாது. அதற்குப் பதில் இப்படி எழுதிப் பாருங்கள்: "எமது 35 அங்கத்தவர்களில் 21 பேர் வார நாட்களில் காலை 8 முதல் மாலை 5 வரை வீட்டில் தனியே இருக்கிறார்கள். 12 பேருக்கு மண்டபத்துக்கு வர இரண்டு பேருந்து மாற வேண்டும். ஆங்கிலத்தில் தொலைபேசியில் பேசக்கூடியவர்கள் 9 பேர்." எண்கள் உங்கள் சங்கத்தின் உண்மை எண்களாக இருக்க வேண்டும். அதற்கு ஒரு பின்னேரம் போதும்: நாலு கேள்வியை வாசித்துக் கைதூக்கச் சொல்லி எண்ணி, கூட்ட அறிக்கையில் பதியுங்கள்.

எதிர்பார்க்கும் பயன் என்ற கேள்விக்கு, ஆட்களையும் வருகைகளையும் கலக்காதீர்கள். 35 பேர் 30 தடவை வந்தால் பயனடைந்தவர் 35 பேர். 1,050 பேர் அல்ல. 1,050 பயனாளிகள் என்று எழுதினால் சாப்பாட்டு வரியோடு ஒப்பிட்டதும் பிடிபடும். பாதீட்டில் 35, விபரத்தில் 40, ஆதரவுக் கடிதத்தில் 50 என்று எண் மாறுவதும் இதே வகை. அனுப்பும் முன் ஒருவர் எண்களை மட்டும், சொற்களைப் பார்க்காமல், தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒப்பிட வேண்டும். எழுதியவர் இதைச் செய்யக் கூடாது, அவர் கண்ணுக்குப் பிழை தெரியாது.

ஆதரவுக் கடிதம் கேட்டால் மாகாண உறுப்பினரின் பொதுவான வாழ்த்துக் கடிதத்தைவிட, மண்டபம் தருபவர் "புதன் 12.45 முதல் 3.45 வரை இந்த விலைக்குத் தருவோம்" என்று எழுதும் மூன்று வரி பெறுமதியானது.

பணம் வந்த பிறகு

வரவு இடாப்பு முதல் நாளிலிருந்தே சரியாக இருக்க வேண்டும். வெறும் கையொப்பத் தாளில் ஒரே ஆள் ஒரு வாரம் முதலெழுத்தோடும், அடுத்த வாரம் தகப்பன் பெயரோடும், மூன்றாம் வாரம் "ரீச்சர்" என்றும் எழுதுவார். வருடக் கடைசியில் எத்தனை தனி ஆட்கள் என்று எண்ண முடியாது. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயரை முன்னரே 18 பொயின்ற் அளவுப் பெரிய எழுத்தில் அச்சடித்து, வந்தவர் பக்கத்தில் ஒரு கோடு போடும்படி வையுங்கள். புதியவர்களுக்குக் கீழே பத்து வெற்று வரி. வாசலில் ஒரு தொண்டர், தடித்த மையுள்ள பேனா இரண்டு.

பற்றுச்சீட்டில்தான் தமிழ்ச் சங்கங்கள் அதிகம் அடிபடுகின்றன. வீட்டில் வடை சுட்டுத் தருபவரிடம் பில் இருக்காது. அவருக்காக ஒரு பணச்சீட்டுப் புத்தகம் வைத்திருங்கள்: திகதி, எத்தனை வடை, என்ன விலை, பெற்றவர் பெயர், கையொப்பம். காசாகக் கொடுப்பதைவிடக் காசோலையாக அல்லது மின்-பரிமாற்றமாகக் கொடுத்தால் வங்கிக் கூற்றிலும் தடம் இருக்கும். கடைப் பில்கள் வெப்பத்தாளில் அச்சானவை. நாளடைவில் எழுத்து மங்கி வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே படமெடுத்துச் சேமியுங்கள். அங்கத்தவர் தன் வீட்டு மரக்கறியையும் சங்கத்துப் பாலையும் ஒரே பில்லில் வாங்கினால் அதை ஏற்காதீர்கள். மனம் நோகத்தான் செய்யும், பரவாயில்லை. பயிற்றுநர் ஒருவருக்கு வருடத்தில் 500 டொலருக்கு மேல் கட்டணம் கொடுத்தால் வருமானவரிக்கான ரி4ஏ படிவம் கொடுக்க வேண்டும். மேலேயுள்ள மாதிரியில் யோகாப் பயிற்றுநருக்கு 1,125 டொலர் என்பதால் அவருக்கும் கொடுக்க வேண்டும். எல்லா ஆவணங்களையும் ஏழு ஆண்டு வைத்திருங்கள்.

திட்டம் தொடங்கியதும் மாற்றங்கள் வரும். மண்டபம் கைமாறும், பயிற்றுநர் ஊருக்குப் போவார். பாதீட்டில் ஒரு வரியின் பணத்தை இன்னொரு வரிக்கு மாற்ற வேண்டுமென்றால் செலவழிக்கும் முன் திட்ட அதிகாரிக்கு மின்னஞ்சல் எழுதி, பதில் வந்த பிறகு செய்யுங்கள். அதிகாரிகள் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். செலவழித்துவிட்டுச் சொன்னால் அந்தத் தொகையைத் திருப்பிக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. மிஞ்சும் பணத்தைக் கடைசி வாரத்தில் பெரிய விருந்தாக்கி முடிப்பதும் அப்படித்தான்: விருந்து பாதீட்டில் இல்லையென்றால் செலவு ஏற்கப்படாது.

பயன் அளக்க நீண்ட கேள்விக்கொத்து வேண்டாம். முதல் வாரத்திலும் கடைசி வாரத்திலும் ஒரே இரண்டு கேள்வி: "போன கிழமை வீட்டாரைத் தவிர எத்தனை பேரோடு கதைத்தீர்கள்?" "இங்கே பழகிய யாருக்காவது வீட்டிலிருந்து போன் எடுத்தீர்களா?" தொண்டர் வாசித்துக் கேட்டு, இடாப்பு எண்ணோடு குறித்துக்கொள்ளட்டும். எழுதச் சொன்னால் கண்ணாடி கொண்டுவராதவர்கள் எல்லாவற்றுக்கும் "ஆம்" போட்டுவிடுவார்கள். படம் எடுக்கும் முன் ஒப்புதல் வாங்குங்கள். விருப்பமில்லாதவரின் பெயர்ப்பட்டியில் சிவப்புப் புள்ளி ஒட்டினால் படமெடுப்பவருக்கு நினைவிருக்கும்.

இறுதி அறிக்கையின் திகதி ஒப்பந்தத்திலேயே இருக்கும். அதைச் செயலாளர், பொருளாளர் இருவரின் நாட்காட்டியிலும் ஒரு மாதம் முன்தள்ளிக் குறியுங்கள். அறிக்கை பிந்தினால் அடுத்த விண்ணப்பத்தில் அதுவே முதலில் தெரியும். மானியத்தில் வாங்கிய கரம் பலகைகளின் அடிப்பக்கத்தில் சங்கத்தின் பெயர், வாங்கிய திகதி, மானியத்தின் பெயர் எழுதிய ஒட்டுத்தாள் ஒன்றை ஒட்டி, எண்ணிக்கையைப் பொருட்பதிவேட்டில் பதியுங்கள். எந்தப் பலகை யார் வீட்டுக் கராஜில் இருக்கிறது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.